பத்தாவது ஆள் வரும்வரை

மொபைலில் பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றை வெளியிட்டுவிட்ட குழு, அடுத்து என்ன செய்வது என்று திட்டம் போட உட்கார்ந்தால் பட்டியல் தானாக நீளும். புது மேப், புது ஆட்டமுறை, ரேங்க், நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி, பேசிக்கொண்டே ஆட வாய்ஸ் சாட், வாரக் கடைசியில் போட்டி. எல்லாமே ஆடுபவர்கள் ஆசையாகக் கேட்டவைதான். ஆனால் கேட்டதையெல்லாம் செய்துகொடுத்தால் அதனாலேயே விளையாட்டு படுத்துவிடவும் கூடும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெருக்கல், வகுத்தலைத் தாண்டாத கணக்கு.

தினமும் 1 லட்சம் பேர் ஆடும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறிய ஊரிலிருந்து வேலை செய்யும் ஒரு குழுவுக்கு அது பெரிய எண்ணிக்கை. ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 20 நிமிடம் ஆடுகிறார். அப்படியானால் ஏதாவது ஒரு நொடியில் எட்டிப் பார்த்தால் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்? 1 லட்சத்தை 20 ஆல் பெருக்கி, ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் ஏறக்குறைய 1,400 பேர். அவ்வளவுதான். வருகை வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்ற இந்த விதியை 1961ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிறுவினார். வங்கிக் கவுன்டர், ஆஸ்பத்திரி வரிசை, டோல்கேட் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி அது.

இனி அந்த 1,400 பேரைப் பிரிப்போம். ஒரு ஆட்டம் 5 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 280 பேர் புது ஆட்டம் தேடி வருகிறார்கள். விளையாட்டில் 4 ஆட்டமுறைகள், திறமைக்கு ஏற்ப 5 நிலைகள், 3 வட்டாரங்களில் சர்வர்கள். நான்கையும் ஐந்தையும் மூன்றையும் பெருக்கினால் 60 தனித்தனி வரிசைகள். 280 பேரை 60 வரிசைக்குப் பங்கிட்டால் ஒரு வரிசைக்கு நிமிடத்துக்கு ஐந்து பேர்கூட இல்லை. பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும் என்றால், பத்தாவது ஆள் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னிரவில் கூட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதே வரிசை நிறைய 20 நிமிடத்தைத் தாண்டும். 5 நிமிட ஆட்டத்துக்கு 20 நிமிடம் யார் காத்திருப்பார்கள்? ஐந்தாவது ஆள் வெளியேறுகிறார், அதனால் ஆறாவது ஆளின் காத்திருப்பு இன்னும் நீள்கிறது, அவரும் வெளியேறுகிறார். இந்தச் சரிவு ஒருமுறை தொடங்கிவிட்டால் புது மேப் எதுவும் அதைத் தடுத்து நிறுத்தாது. புது மேப்புக்கென்று தனி வரிசை வைத்தால் சரிவு இன்னும் வேகமெடுக்கும்.

ஒரு தனிநபர் விளையாட்டில் பத்து அத்தியாயத்துக்குப் பதில் பதினைந்து எழுதினால் ஆடுபவருக்கு லாபம். பலர் ஆடும் விளையாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் சுவையே இன்னொருவர்தான். எதிரில் ஆள் இல்லாத மேப்பில் எவ்வளவு அழகான கோட்டை கட்டிவைத்தாலும் அது பூட்டிய மண்டபம்.

உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. இருக்கும் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியோடு இரண்டு தலைமுறையாக வாழ்பவர்கள் அவர்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில், சர்க்கார்பதியிலிருந்து 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குத் தண்ணீர் வருகிறது. அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் எந்த வயலிலும் பயிர் விளையாது. மண் நனையும், அவ்வளவே. அதனால் நிலத்தை 4 மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலம் முடிந்தபின் அடுத்ததற்கு, சுற்று சுற்றாகத் தண்ணீர் விடுகிறார்கள். ஆன்லைன் விளையாட்டில் ஆள்தான் தண்ணீர். ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் பிரால் ஸ்டார்ஸ் விளையாட்டில் கடைப்பிடிப்பதும் ஏறக்குறைய இந்த முறைதான். பல ஆட்டமுறைகளும் நூற்றுக்கணக்கான மேப்களும் கையில் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவைப்பதில்லை. இந்த நேரத்துக்கு இவை, நாளைக்கு வேறு சில என்று அட்டவணை போட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டம் சிதறுவதில்லை, ஆடுபவருக்குச் சலிப்பும் தட்டுவதில்லை.

கடைமடை என்ற சொல்லும் இங்கே பொருந்தும். மடையை எங்கே வைத்தாலும் கடைசி வயல்காரருக்குத்தான் முதலில் தட்டுப்பாடு தெரியும். விளையாட்டில் அந்தக் கடைசி வயல்காரர் பின்னிரவில் ஆடுபவர். கொங்கு வட்டாரத்து நூற்பாலைகளில் டே ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வேலை ஓடும். அரை நைட் முடித்து நள்ளிரவுக்குப் பிறகு அறைக்குத் திரும்பும் தொழிலாளி குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு ஆட்டம் ஆட உட்காரும் நேரம், நாடு முழுவதும் கூட்டம் வடிந்துபோன நேரம். இரவு 9 மணியின் உச்சக் கூட்டத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடும் குழுவின் கண்ணில் இவர் படவே மாட்டார். அவர் பாட்டுக்கு மூன்று நாள் காத்திருந்து பார்த்துவிட்டு ஆப்பை நீக்கிவிடுவார். அவர் போனது எந்த அறிக்கையிலும் தனி வரியாக வராது. ஒரு குழுவின் சுவரில் எந்த வரைபடம் மாட்டியிருக்க வேண்டும் என்று கேட்டால், பின்னிரவு 1 மணிக்கு ஒவ்வொரு வரிசையும் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற வரைபடம்தான் என்பேன்.

காத்திருப்பைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. முதல் 10 நொடி தன் திறமைக்கு நெருக்கமானவரைத் தேடுவது, கிடைக்காவிட்டால் 20 நொடியில் வட்டத்தைப் பெரிதாக்குவது, 40 நொடியில் இன்னும் பெரிதாக்குவது என்பது ஒரு வழி. அதற்கு ஒவ்வொருவரின் திறமையையும் எண்ணாக்க வேண்டும். சதுரங்கத்துக்கு ஆர்பாட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970ல் ஏற்றது. இன்றைய விளையாட்டுகளின் ரேங்க் முறைகள் பலவும் அதன் வாரிசுகள். ஈலோ கணக்கில் 400 புள்ளி வித்தியாசம் என்றால் வெற்றி வாய்ப்பு வலியவருக்குப் பத்துப் பங்கு, எளியவருக்கு ஒரு பங்கு. வட்டத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு நொடியும் இப்படிப்பட்ட ஒருதலையான ஆட்டத்தை நெருங்குகிறோம். சீக்கிரம் ஆட்டம் கிடைப்பதா, சமமான ஆட்டம் கிடைப்பதா? இரண்டையும் முழுதாகத் தர ஆள் வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்று குழு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழி பாட்கள், அதாவது மனிதர் போல ஆடும் கணினி ஆட்டக்காரர்கள். ஃபோர்ட்நைட் 2019ல் அறிவித்தே இவற்றைச் சேர்த்தது. புதிதாக வருபவருக்கு இவை நல்ல துணை. ஆனால் பாட் என்று சொல்லாமல் மனிதப் பெயர் வைத்து ஏமாற்றுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஜெயித்த சந்தோஷத்தை அது பொய்யாக்கிவிடுகிறது. தெரியவரும் நாளில், அதற்கு முன் ஜெயித்த ஆட்டங்களும் சேர்ந்தே கசந்துவிடும்.

திட்டமிடலைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு கற்பனை முயற்சி. உடுமலையில் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று ஆடு புலி ஆட்டத்தை ஆன்லைனில் கொண்டுவர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 புலி, 15 ஆடு. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் கட்டம் செதுக்கி நம் ஊர்க்காரர்கள் ஆடிய ஆட்டம். புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடுகள் கூடி நின்று புலியை அடைக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் இதன் அழகு. ஆன்லைனில் அதுவே தலைவலியும் ஆகும். பத்தில் ஏழு பேர் புலியாக ஆடத்தான் விரும்புவார்கள் என்றால், மூன்று ஜோடி சேர்ந்தபின் நான்கு புலிகள் ஆடு இல்லாமல் நிற்கும். டெட் பை டேலைட் என்ற விளையாட்டில் ஒருவர் துரத்துவார், நால்வர் தப்பிப்பார்கள். அங்கும் இதே சிக்கல் வந்து, அந்த நேரத்தில் ஆள் குறைவாக இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கூடுதல் புள்ளி தருகிறார்கள். நம் குழுவுக்கு இன்னும் எளிய வழி உண்டு: ஒரு போட்டி என்றால் இரண்டு ஆட்டம், முதலில் நீ புலி, பிறகு நான் புலி. திண்ணையில் ஆடியவர்கள் அப்படித்தானே ஆடினார்கள்.

அடுத்து, இரண்டு பக்கமும் சமவலிமைதானா என்ற கேள்வி. முதல் வாரத்தில் 1,000 ஆட்டங்கள் நடந்து புலி 530ல் ஜெயித்துவிட்டது. உடனே புலியின் பலத்தைக் குறைக்கச் சொல்லிக் கூக்குரல் எழும். குறைக்கலாமா? காசை 1,000 முறை சுண்டினாலும் பூ சரியாக 500 விழாது. 470க்கும் 530க்கும் இடையில் எங்கே விழுந்தாலும் அது இயல்புதான். ஆக 530 என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 10,000 ஆட்டங்களில் 5,300 என்றால் நிலைமை வேறு. அங்கே இயல்பான ஏற்ற இறக்கம் 4,900க்கும் 5,100க்கும் இடையிலேயே அடங்கிவிடும். பொறுமை என்பது இங்கே ஒரு புள்ளியியல் தேவை. இன்னொரு பொறியும் இருக்கிறது. மொத்தத்தில் சரிபாதி என்று வரும் எண்ணுக்குள், புதியவர்களிடம் புலி 65 சதவீதமும் தேர்ந்தவர்களிடம் 40 சதவீதமும் ஜெயிப்பது ஒளிந்திருக்கலாம். சராசரி எதையும் காட்டாது. புதியவரும் தேர்ந்தவரும் மட்டும் தனித்தனிக் காரணங்களுக்காகப் புலம்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டு புலம்பலும் உண்மை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை பின்னால் திருத்திக்கொள்ளக் கூடியவை. வரிசை எத்தனை, காத்திருப்பு எத்தனை நொடி, எந்த நாளில் எந்த ஆட்டமுறை, வெற்றிக்கு எத்தனை புள்ளி, இவையெல்லாம் சர்வரில் இருக்கும் ஒரு அட்டவணையில் எழுதப்பட்டிருந்தால் காலையில் மாற்றலாம், மாலையில் திரும்ப மாற்றலாம். ஆனால் பின்னால் மாற்றவே முடியாத, அல்லது மாற்றுவதற்குப் பதில் புதிதாகவே எழுதிவிடலாம் என்று ஆகிவிடும் முடிவுகள் சில உண்டு. அவற்றை அடையாளம் காண்பதுதான் திட்டமிடலில் பாதி வேலை.

முதலாவது, யார் சொல்வது உண்மை என்ற முடிவு. என் போன் 'நான் ஜெயித்துவிட்டேன், 50 காசு சேர்ந்தது' என்று சொல்ல, சர்வர் அதை அப்படியே நம்புவது ஒரு வகை. எழுத எளிது, சர்வர் செலவும் குறைவு. ஆனால் ஆப்பைப் பிரித்து மாற்றத் தெரிந்த ஒரே ஒருவர் போதும், அடுத்த வாரம் எல்லார் கையிலும் 5 கோடி காசு இருக்கும். என் விரல் எங்கே அழுந்தியது என்பதை மட்டும் போன் அனுப்ப, விளைவைச் சர்வரே கணக்கிடுவது இன்னொரு வகை. முதல் வகையில் கட்டிய விளையாட்டை இரண்டாம் வகைக்கு மாற்றுவது, வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தைத் தோண்டும் வேலை.

இரண்டாவது, தூரத்தை எப்படிச் சமாளிப்பது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். உடுமலையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர்; போய்த் திரும்ப 10 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். சிங்கப்பூர் 3,100 கிலோமீட்டர். போய்த் திரும்ப 31. எந்தப் பொறியாளராலும் இதைவிடக் குறைக்க முடியாது, இது இயற்கையின் வேகம். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் கூடத்தான் ஆகும். அமேசான் தன் மும்பை டேட்டா சென்டர்களை 2016 ஜூனில் திறந்ததற்கு முன்பு, இந்தியாவில் ஆடப்பட்ட பல விளையாட்டுகளுக்குச் சிங்கப்பூரே அருகிலிருந்த சர்வர். ஆனால் பெரிய தாமதம் கடலுக்கடியில் நேர்வதில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரில், போனுக்கும் டவருக்கும் நடுவில் நேர்கிறது. எல்லாரும் வீடியோ பார்க்கும் மாலை நேரத்தில் உடுமலை தளி ரோட்டுப் பக்கத்து டவர் ஒவ்வொரு போனுக்கும் முறை வைத்துத்தான் வாய்ப்புத் தருகிறது. 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது அப்போது சாதாரணம்.

நொடிக்கு 6 மீட்டர் ஓடும் எதிரி 100 மில்லிசெகண்டில் 60 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். அதாவது நான் திரையில் பார்த்துக் குறிவைக்கும் இடத்தில் அவர் இல்லை. இதற்கு இரண்டு தந்திரங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1996ல் குவேக் விளையாட்டுக்காக ஜான் கார்மாக் செய்தது, சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் என் நகர்வை என் கருவியே ஊகித்துக் காட்டிவிடுவது. பதில் வந்தபின் பிசகு இருந்தால் திருத்திக்கொள்வது. மற்றொன்றை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001ல் விரிவாக எழுதினார். எல்லாரும் கடந்த நொடியில் எங்கெங்கே இருந்தார்கள் என்பதைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். என் தோட்டா சர்வருக்கு வந்துசேர்ந்ததும், நான் சுட்டபோது என் திரையில் உலகம் எப்படித் தெரிந்ததோ அந்தக் கணத்துக்குக் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்து, பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும்.

எவ்வளவு தூரம் பின்னோக்கிச் சுழற்றலாம்? இதற்கு ஒரு வரம்பு வைத்தாக வேண்டும். வரம்பைப் பெரிதாக வைத்தால், சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டவர் அதன்பிறகும் செத்து விழுவார்; அவருக்கு அது அநியாயம். சிறிதாக வைத்தால், டவர் நெரிசலில் இருப்பவரின் குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் தோட்டா படாது. அவர் திறமையே இல்லாதவர் போலத் தெரிவார். பெருநகரத்து ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் குழு 100 மில்லிசெகண்டு போதும் என்று எழுதிவிட்டால், அந்த ஒரு எண் சிறு நகரங்களின் மாலை நேர ஆட்டக்காரர்கள் எல்லாரையும் சத்தமில்லாமல் தோற்கடித்துவிடும். சோதனை போன்களையும் சோதனை ஊர்களையும் தேர்ந்தெடுப்பது, ஆக, நியாயம் சம்பந்தப்பட்ட வேலையும்கூட.

1997ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வேறு பாதையில் போனது. அன்றைய டயல்-அப் மோடத்தில் நூற்றுக்கணக்கான வில்லாளிகளின் இருப்பிடத்தை அனுப்ப இடமில்லை. அதனால் ஆடுபவரின் கட்டளைகளை மட்டும் அனுப்பி, ஒவ்வொரு கணினியும் மொத்தப் போரையும் தானே கணக்கிட்டுக்கொள்ள வைத்தார்கள். எல்லாக் கணினியும் ஒரே விடைக்கு வந்தால் எல்லாத் திரையிலும் ஒரே போர். இன்றும் இந்த முறை குறைந்த டேட்டாவில் அருமையாக ஓடும். ஆனால் மொபைலில் ஒரு கண்ணி இருக்கிறது. வெவ்வேறு சிப்புகளில் ஓடும் தசமக் கணக்கு கடைசி இலக்கத்தில் வேறுபடலாம். கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் பத்து நிமிடத்தில் வளர்ந்து, ஒருவர் திரையில் செத்த வீரன் இன்னொருவர் திரையில் ஓடிக்கொண்டிருப்பான். தசமமே இல்லாமல் முழு எண்களால் கணக்கிடுவதுதான் நம்பகமான தீர்வு. அதை முதல் நாளே தீர்மானித்தால் ஒரு வாரத்து வேலை. இரண்டாம் ஆண்டில் தீர்மானித்தால் விளையாட்டு முழுவதையும் சல்லடை போட்டுத் தேட வேண்டும்.

நம் ஆடு புலிக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. முறைவைத்து ஆடும் ஆட்டத்தில் 100 மில்லிசெகண்டு ஒரு பொருட்டில்லை. அவர்களுக்கு வேறு கவலை. உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் ஒருவர் ஆடிக்கொண்டே போகிறார். ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடுகிறது. எதிரில் ஆடுபவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? போனவர் தோற்றதாகக் கொள்வதா, நிறுத்திவைத்து நாளைக்குத் தொடரச் செய்வதா? நிறுத்திவைத்துத் தொடரலாம் என்று முடிவெடுத்தால், ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் சர்வரில் பதிவாகியிருக்க வேண்டும். இதுவும் முதல் மாதத்து முடிவு. நல்ல பக்கவிளைவு என்னவென்றால், அப்படிப் பதிவான நகர்வுகளிலிருந்தே பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கும் வசதியும், ஏமாற்றுபவரைப் பிடிக்கும் ஆதாரமும் கிடைத்துவிடும்.

அப்டேட்டும் ஒரு தனிப் பிரச்சினை. மொபைலில் புதுப் பதிப்பு வெளியானதும் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. போனில் இடம் இல்லாதவர், வைஃபை கிடைக்கும்வரை தள்ளிப்போடுபவர் என்று பாதிப் பேர் பழையதிலேயே இருப்பார்கள். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றோடொன்று ஆட முடியாது என்றால், முன்னே பார்த்த 60 வரிசை 120 ஆகிவிடும். கட்டாயப்படுத்தினாலோ, தினம் 1.5 ஜிபி டேட்டா பேக் போட்டிருப்பவருக்கு 1 ஜிபி அப்டேட் என்பது அன்றைய டேட்டாவில் மூன்றில் இரண்டு பங்கு. ஒன்று பழைய பதிப்போடும் பேசத் தெரிந்த சர்வர் வேண்டும், அல்லது அப்டேட்டைச் சிறு சிறு துண்டாக்கி, தேவைப்படும்போது மட்டும் இறக்கும் ஏற்பாடு வேண்டும்.

உண்மையில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்தக் கணக்குகளுக்கு உயிர் வரும். பிரால் ஸ்டார்ஸ் 2017 ஜூனில் கனடா போன்ற ஒரு சில இடங்களில் மட்டும் வெள்ளோட்டம் விடப்பட்டது. போனை நிமிர்த்திப் பிடித்து ஆடும்படி இருந்ததைப் பாதி வழியில் கிடைமட்டமாக மாற்றினார்கள், படங்களின் தோற்றத்தையே மாற்றினார்கள். உலகம் முழுவதும் வெளியிட 2018 டிசம்பர் ஆகிவிட்டது. பின்னால் மாற்ற முடியாதவற்றை எல்லாம் ஆள் குறைவாக இருக்கும்போதே மாற்றி முடித்துவிட்டார்கள். அதே நிறுவனம் 2024 மேயில் வெளியிட்ட ஸ்குவாட் பஸ்டர்ஸின் வளர்ச்சிப் பணியை 2025 அக்டோபரில் நிறுத்துவதாக அறிவித்தது. அனுபவமும் பணமும் நிறைய இருந்தும் கூட்டத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

போக்கிமான் கோவின் கதை வேறு. 2016 ஜூலையில் வெளியானபோது, எதிர்பார்த்ததைப் போல் அதிகபட்சம் 5 மடங்கு சுமை வரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். வந்தது 50 மடங்கு. அடுத்த பல மாதங்கள் திட்டப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு சர்வரைத் தாங்கிப்பிடிப்பதே வேலையானது. ஆடுபவர்கள் முதல் நாளிலிருந்து கேட்ட நண்பர் பட்டியலும் பரிமாற்றமும் 2018 ஜூனில்தான் வந்தன. ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் மோதும் வசதி அந்த ஆண்டு டிசம்பரில். பெருவெற்றியும் திட்டத்தைக் குலைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

நம் நாட்டில் லுடோ கிங். விகாஷ் ஜெய்ஸ்வாலின் கேமிஷன் நிறுவனம் நவி மும்பையிலிருந்து 2016ல் வெளியிட்டது. நம் தாயத்துக்கு உறவான ஆட்டம். விதிகளை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரணப் போனில் ஓடும். நெட் இல்லாமலும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து ஆடலாம். 2020 ஊரடங்கில் பிரிந்து கிடந்த குடும்பங்கள் அதில் கூடின. அந்த ஆண்டு நிறுவனம் சேர்த்தவற்றில் முக்கியமானது ஆடிக்கொண்டே பேசும் வசதி. கூட்டத்தைப் பிரிக்காமல், ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்களை இன்னும் நெருக்கும் வசதி அது. புதுச் சேர்க்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் முதலில் சுட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

இந்தியாவில் திட்டம் போடுபவர் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டது, 2023 மேயில் திரும்பியபோது 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022ல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவற்றை நாடு முழுவதும் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸையும் பணம் சாராத விளையாட்டுகளையும் தனியே பிரித்து வைத்தது. தோற்றவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைத் தொடர்ந்து படித்த மாநிலம் நம்முடையது. இந்தப் பிரிவினையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆடு புலிக் குழு தன் வருமானத்தைப் பந்தயக் காசில் தேட முடியாது, தேடவும் கூடாது. விளம்பரம், அழகழகான காய்கள், பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் போட்டி நடத்தித் தருவது என்றுதான் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, பெரும்பாலான திட்டங்களில் இடம்பெறாத ஒரு வரி: சர்வரை அணைக்கும் நாள். யூபிசாஃப்ட் 2014ல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31ல் அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களால்கூட, தனியாக ஆடுவதற்கும் அதைத் திறக்க முடியவில்லை. அதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் மனுவாகி, 2025ல் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது, அணைத்தபிறகும் ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்லுங்கள் என்பதுதான். ஆடு புலிக் குழு ஆட்டத்தின் விதிகளைச் சர்வரில் வைப்பதோடு போனிலும் ஒரு பிரதி வைத்து, நெட் இல்லாமல் இருவர் ஒரே போனில் ஆடவும், பக்கத்துப் போனோடு ப்ளூடூத்தில் இணைந்து ஆடவும் வழிசெய்தால் அந்தக் கோரிக்கை நிறைவேறிவிடும். முதல் மாதத்தில் அதற்கு ஒருவரின் இரண்டு வார உழைப்பு போதும். சர்வர் வாடகை கட்ட முடியாமல் போகும் மாதத்தில் அதைச் செய்து முடிக்க, குழுவில் அநேகமாக ஆளே மிச்சம் இருக்காது.